கடதாசிக்குச் சாட்சி யார்?

வெளிநாடு செல்லும் ஒரு பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் புரட்டி அதன் பின்புறத்தைப் பார்த்தவர்கள், அங்கே ஒரு விசித்திரமான ஊர்வலத்தைக் கண்டிருப்பர். பதிவாளரின் ஒப்பம் மெய்யானதே என்று மேலதிகாரி ஒருவர் ஒப்பமிட்டிருப்பார். அம்மேலதிகாரியின் ஒப்பம் மெய்யானதே என்று வெளிநாட்டமைச்சின் அதிகாரி ஒப்பமிட்டிருப்பார். அமைச்சின் ஒப்பம் மெய்யானதே என்று, பத்திரம் போய்ச்சேர வேண்டிய நாட்டின் தூதுவராலயத்தார் முத்திரை குத்தியிருப்பர். இத்தனை பேரும் சேர்ந்து உறுதிசெய்வது என்ன? இன்னாருக்கு இன்ன நாளில் ஒரு பிள்ளை பிறந்தது என்பதையா? அன்று. பிள்ளையைப் பற்றி அவர்களுள் எவரும் ஒரு சொல்லேனும் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் தமக்கு முன்னே நின்றவரின் கையெழுத்தை மாத்திரமே அறிவர். அதற்கு மட்டுமே அவர்கள் பொறுப்பு.

ஓர் அரசு தந்த கடதாசியை மற்றோர் அரசு ஏன் நம்பவேண்டும் என்னும் கேள்வி, காரியாலயக் குமாஸ்தாக்களின் கேள்வி போலத் தோன்றும். ஆயினும் அதன் வரலாற்றைத் தோண்டிப் பார்த்தால், யாருடைய சொல் உலகிற் செல்லுபடியாயிற்று, யாருடைய சொல் செல்லாக்காசாயிற்று என்பதன் வரலாறே அங்கே கிடக்கக் காண்கிறோம்.

இம்முறையைத் தோற்றுவித்தவர்கள் வணிகர்கள். இத்தாலிய நகரங்களில் வர்த்தகம் தழைத்த காலத்திலே, கடன் முறிகளும் பங்காளி உடன்படிக்கைகளும் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குப் பயணஞ் செய்யலாயின. எழுதியவன் நேரில் நின்று, ‘இது நான் எழுதியது’ என்று சொல்ல முடியாத இடத்தில், அவனுக்குப் பதிலாகச் சொல்ல ஒருவன் வேண்டியிருந்தது. அவனே நொத்தாரிசு. 13ஆம் நூற்றாண்டில் பொலோஞா நகரில் நொத்தாரிசுக் கலை ஒரு தனிப் படிப்பாகவே வளர்ந்திருந்தது. மத்தியதரைக் கடலின் அந்நியத் துறைமுகங்களில் வெனிசு, ஜெனோவா வணிகர்கள் தமக்கெனக் கொன்சல்களை வைத்திருந்தனர். (நொத்தாரிசு என்னும் சொல்லையே நமக்கு ஒல்லாந்தர் விட்டுச் சென்றனர். கறுவாவை அள்ளிக்கொண்டு போனவர்கள் சொல்லையாவது கொடுத்தார்களே என்று ஆறுதலடையலாம்.) சரக்குக்கும் பணத்துக்குமாகப் பிறந்த இந்த ஏற்பாடு, மனிதரின் பிறப்புக்கும் விவாகத்துக்கும் வந்து சேர்ந்தது வெகுகாலம் பின்னரே.

மனிதரைக் கடதாசியிற் பதியும் வேலையை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது முதலாளித்துவ யுகத்தில். பிரெஞ்சுப் புரட்சி 1792 இல் பிறப்பு, விவாக, மரணப் பதிவைக் கோயிற்பற்றுக் குருமாரின் கையிலிருந்து பறித்து நகராட்சியிடம் ஒப்படைத்தது. இங்கிலாந்தில் 1837 இலும், இலங்கையில் 1867 இலும் பொதுப் பதிவுமுறை நடைமுறைக்கு வந்தது. இது முற்போக்கான மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே பிரான்சு, 1803 இல், தொழிலாளிக்கென்று வேறொரு சிறுபுத்தகத்தையும் உண்டாக்கியது. வேலைக்குச் சேருந் தொழிலாளி அதனை முதலாளியிடம் ஒப்படைக்கவேண்டும். விலகும்போது முதலாளி அதிற் குறிப்பெழுதித் திருப்பிக் கொடுக்கவேண்டும். முன்பணம் பாக்கியிருந்தால் அதுவும் அங்கே பதியப்படும். அப்புத்தகம் இன்றி ஊர்விட்டு ஊர் செல்பவன் நாடோடியெனப் பிடிக்கப்படுவான். 1890 வரையில் அது ஒழியவில்லை. குடிமகனின் பத்திரம் அவனுக்கு உரிமை தருவதற்கு. தொழிலாளியின் பத்திரம் அவனைக் கட்டிவைப்பதற்கு. ஒரே அரசு, ஒரே மை.

இந்த இரண்டாம் வகைப் பத்திரத்தை நமது மலைநாடு நன்கறியும்.

பெருந்தோட்டங்களுக்குத் திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஆள்கட்டி வந்த காலத்திலே, ஒரு தொழிலாளி கடல் கடந்து மற்றொரு நாட்டுக்குள் வருவதற்குக் கையில் வைத்திருந்தது என்ன? பிறப்பு அத்தாட்சியன்று. கடவுச்சீட்டுமன்று. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலே, 1901ஆம் ஆண்டையொட்டி, தகரத்துண்டு முறை புகுத்தப்பட்டது. தோட்டத்தையும் பகுதியையும் குறிக்கும் எழுத்துகளும் இலக்கமும் பொறிக்கப்பட்ட சிறு தகரவட்டம் அது. தோட்டத்துரை அதனைப் பெற்றுக் கங்காணி மூலம் இந்தியக் கிராமத்துக்கு அனுப்புவார். கங்காணி சேர்த்த ஆள் அதைக் கழுத்திற் கட்டிக்கொண்டு புறப்படுவான். இரயிலும் கப்பலும் மண்டபம் முகாமும் அந்தத் தகரத்தைக் கண்டே அவனை ஏற்றி இறக்கின. செலவு தோட்டத்தின் கணக்கிலே விழுந்தது. தோட்டம் அதனைத் தன் தொழிலாளியின் கடனாக எழுதிக்கொண்டது.

இத்தகரத்தை ஓர் அத்தாட்சிப் பத்திரமாக எண்ணிப் பாருங்கள். அதிற் பெயரில்லை. தகப்பன் பெயரில்லை. பிறந்த ஊரில்லை. ஆயினும் இரண்டு நாடுகளின் அதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராக அதனை மறுபேச்சின்றி ஏற்றனர். நொத்தாரிசு வேண்டியிருக்கவில்லை, கொன்சல் வேண்டியிருக்கவில்லை. ஏனெனில் அதற்குச் சாட்சியாக நின்றது தோட்டக் கம்பெனியின் பணம். உழைப்பை உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தபோது எல்லை எவ்வளவு இலேசாகத் திறந்தது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உள்ளே வந்தபின் அவனைப் பிடித்துவைக்க இன்னொரு துண்டு இருந்தது. தகரமன்று, கடதாசி. கங்காணியும் அவன் கூட்டத்தாரும் இன்னவளவு கடன்பட்டிருக்கிறார்கள், அத்தொகையைச் செலுத்துவோர் அவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அந்தத் துண்டு இன்றி வேறு தோட்டத்தில் வேலையில்லை. கங்காணி துண்டைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சென்று விலை பேசினான். ஒவ்வொரு கைமாற்றிலும் தொகை பெருத்தது. பெருத்த தொகை தொழிலாளியின் தலையில் இறங்கியது. 1921 இல் சட்டம் அதனை ஒழித்தது. பிரான்சின் சிறுபுத்தகம் ஒழிந்து முப்பதாண்டு கழிந்த பின்னர்!

முதலாம் உலகயுத்தம் உலகெங்கும் கடவுச்சீட்டைக் கட்டாயமாக்கியது. யுத்தம் முடிந்ததும் நீங்கும் என்று சொல்லப்பட்ட அது நீங்கவில்லை. கூடவே வேறொரு சிக்கலும் தலைதூக்கியது. சோவியத் அரசு 1921 டிசம்பரில், நாட்டைவிட்டகன்று புதிய ஆட்சியை ஏற்காதிருந்தோரின் குடியுரிமையை நீக்கியது. புரட்சிக்கு அஞ்சி ஓடியவருட் பலர், வேலையாட்களின் முதுகில் ஏறி வாழ்ந்தவர்கள். அவர்களுக்காகக் கண்ணீர் சிந்த நமக்கு அதிக நேரமில்லை. ஆனால் அவர்களுடன் தையற்காரரும் ஓட்டுநரும் தாதிமாரும் இருந்தனர். அவர்தம் கையில் மடிந்துபோன ஒரு பேரரசின் பத்திரங்கள் இருந்தன. அக்கடதாசியைப் பார்த்து, ‘ஆம், இது எமது பதிவாளரின் ஒப்பமே’ என்று சொல்ல ஓர் அரசு இல்லை. பரிசிலோ பெல்கிறேட்டிலோ விவாகஞ் செய்ய விரும்பியவன், தான் ஏற்கெனவே மணமாகாதவன் என்பதை எதைக் காட்டி நிறுவுவான்? சாட்சிகளின் ஊர்வலத்தில் தலையாள் செத்துப்போனால் வால் எங்கே செல்லும்?

நோர்வேயரான நான்சன், சர்வதேச சங்கத்தின் அகதிகள் உயர்ஸ்தானிகராக இருந்து 1922 இல் ஏற்படுத்திய அகதிச் சீட்டைப் பலரும் அறிவர். ஐம்பதுக்கு மேற்பட்ட அரசாங்கங்கள் அதனை ஏற்றன. 1924 இல் ஆர்மீனியருக்கும் அது விரிக்கப்பட்டது. ஆனால் நமது விடயத்துக்கு அதனிலும் முக்கியமானது, அதிகம் பேசப்படாத 1928ஆம் ஆண்டு ஜூன் மாத ஏற்பாடு. கொன்சல் ஒருவர் தம் நாட்டவருக்குச் செய்யும் காரியங்களை உயர்ஸ்தானிகரின் பிரதிநிதி அகதிக்குச் செய்யலாம் என்று அது கூறியது. ஆளடையாளத்தை உறுதிசெய்தல், குடும்ப நிலையை உறுதிசெய்தல், பழைய நாட்டிற் பிறந்த பத்திரம் அந்நாட்டின் பழைய சட்டத்துக்கு இசைந்ததே என்று சான்றுபகர்தல், ஒப்பத்தையும் பிரதியையும் மொழிபெயர்ப்பையும் அத்தாட்சிப்படுத்தல். அரசில்லாதவனுக்கு ஓர் அரசின் நாவை இரவல் கொடுத்தார்கள் என்று இதனைச் சொல்லலாம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 25ஆம் உறுப்புரை இதன் நேர்வழிப் பேரப்பிள்ளை. அவ்வாறு வழங்கப்படும் பத்திரங்கள் அந்நிய நாட்டின் உத்தியோக பத்திரங்களுக்கு ஈடாக நிற்கும். மாறாக நிரூபிக்கப்படும் வரையில் அவை நம்பப்படும் என்கிறது அது. அவ்வுடன்படிக்கையில் இலங்கையும் இந்தியாவும் ஒப்பமிடவில்லை என்பதை வாசகர் நினைவில் வைத்திருப்பாராக.

இரண்டாம் யுத்தத்தின்பின் ஐரோப்பாவில் ஊர்வலத்தைச் சுருக்கும் முயற்சி எழுந்தது. ஐரோப்பியக் கவுன்சில் தூண்ட, ஹேக் நகரின் சர்வதேச தனியார் சட்ட மகாநாடு விடயத்தைக் கையேற்றது. 1961 ஒக்டோபர் 5ஆம் திகதியிடப்பட்ட உடன்படிக்கை அதன் விளைவு. பதினைந்தே உறுப்புரைகள். அது சொல்வது எளிது: பத்திரம் பிறந்த நாட்டின் அதிகாரி ஒருவர் ஒரேயொரு அத்தாட்சியை இணைத்துவிட்டாற் போதும்; தூதுவராலயப் படிகளை ஏறவேண்டியதில்லை. அவ்வத்தாட்சிக்கு ‘அப்பொஸ்தில்’ என்று பெயர். பழைய ஏடுகளின் ஓரத்தில், ‘அச்சொற்களின் பின்னர்’ எழுதப்படுங் குறிப்பைச் சுட்டிய இலத்தீன் வழக்கிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக வந்த சொல். அதன் வடிவத்தைக்கூட உடன்படிக்கை வரையறுத்தது. குறைந்தது 9 சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஒரு சதுரம். தலைப்புப் பிரெஞ்சிலேயே இருக்கவேண்டும். உள்ளே இலக்கமிட்ட பத்து விடயங்கள்: நாடு, ஒப்பமிட்டவர், அவர் எந்தப் பதவியில் ஒப்பமிட்டார், யாருடைய முத்திரை, எங்கே, எப்போது, யாரால், எத்தனையாம் இலக்கம், முத்திரை, ஒப்பம். இந்தக் கடைசி ஒப்பத்துக்கு வேறு எவருடைய ஒப்பமும் வேண்டியதில்லை என்று 5ஆம் உறுப்புரை கூறுகிறது. முடிவில்லாது நீளக்கூடிய சங்கிலியை ஓரிடத்தில் வெட்டியதுதான் அதன் சாதனை. ஐயமெழுந்தால், வழங்கிய அதிகாரி வைத்திருக்கும் பதிவேட்டிலே அந்த இலக்கத்தைக் கேட்டறியலாம்.

சட்டம் பயில்வோர் இவ்வுடன்படிக்கையின் முதலாம் உறுப்புரையைச் சற்று நிறுத்தி வாசிக்கவேண்டும். வர்த்தகத்தோடும் சுங்கத்தோடும் நேரடித் தொடர்புடைய நிர்வாகப் பத்திரங்களுக்கு இவ்வுடன்படிக்கை பொருந்தாது என்று அது விலக்குகிறது. ஏன்? வணிகரைத் தண்டிப்பதற்காகவா? அன்று. சரக்கு எங்கே உற்பத்தியாயிற்று என்ற சான்றும், ஏற்றுமதி இறக்குமதி அனுமதியும் பெரும்பாலான நாடுகளில் ஏற்கெனவே அத்தாட்சித் தொல்லையிலிருந்து விடுபட்டிருந்தன; புதிய ஏற்பாடு அவற்றுக்குத் தேவைப்படவேயில்லை. தேயிலைப் பெட்டியின் கடதாசி முன்னே போய்விட்டது. தேயிலை கொய்தவளின் கடதாசி வரிசையில் நின்றது.

1965 ஜனவரி 24 இல் யூகோசிலாவியா, பிரித்தானியா, பிரான்சு ஆகிய மூன்றினிடையே உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ஒரு சோஷலிச நாடு முதல் வரிசையில் நின்றதைக் குறித்துக்கொள்ளலாம். பிரித்தானியா தன் குடியேற்ற நாடுகள் பலவற்றுக்கும் அதனை விரித்தது. அவ்வழியே மொறீசியசு 1968 இலும் பீஜி 1970 இலும் சுதந்திரம் பெற்றபோது அதன் உறுப்பு நாடுகளாகவே வெளிவந்தன. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியரின் சந்ததியார் அங்கே வாழ்கின்றனர். இலங்கையோ 1948 இலேயே சுதந்திரம் பெற்றிருந்தது; எசமானின் ஒப்பம் அதனைக் கட்டவில்லை. குடியேற்ற ஆட்சி நீடித்த இடத்துக்கு ஒரு வசதியும், முந்தி விடுபட்ட இடத்துக்குப் பழைய படிக்கட்டுமாக வரலாறு சிலவேளை நையாண்டி செய்கிறது.

ஐக்கிய அமெரிக்கா 1981 இலும், இந்தியா 2005 இலும், சீனா 2023 இலும் இதன்கீழ் வந்தன. ஆயினும் உடன்படிக்கையின் 12ஆம் உறுப்புரை ஒரு பின்கதவை வைத்திருக்கிறது. புதிதாக இணையும் நாட்டை ஏற்கெனவே உள்ள நாடு ஆட்சேபிக்கலாம். ஆட்சேபித்தால் அவ்விரண்டினிடையே அது செல்லாது. இந்தியா இணைந்தபோது ஜேர்மனி ஆட்சேபித்தது. செல்வந்த நாடுகள் ஏழை நாடுகளின் பதிவேடுகளை நம்புவதில்லை. பதிவேடுகள் ஏன் நம்பத்தகாதவையாயின என்ற கேள்விக்கு, இருநூறாண்டு அந்நிய ஆட்சி கிராமத்து ஏழையின் பிறப்பை எழுதிவைக்க எவ்வளவு அக்கறை காட்டியது என்பதே விடை.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அவ்வாண்டு நவம்பர் 15க்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாவதற்கு, அவரது தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும் என்றது. 1915 இல் லயத்திற் பிறந்த ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவன் தந்தை 1885 இற் பிறந்தான் என்றால் பத்திரம் இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாட்டன் 1855, பூட்டன் 1825. பொதுப் பதிவு தொடங்கியதோ 1867. இல்லாத பதிவேட்டிலிருந்து பத்திரங் கொண்டுவரச் சொன்னது சட்டம். யாழ்ப்பாணத்தானும் கண்டியனும் பூட்டனின் பத்திரத்தைக் காட்டியிருக்க முடியாது. ஆனால் அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. பத்திரம் என்பது கேட்கப்படுபவனுக்கே பாரம்.

பின்னர் 1949 இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன்னர் விவாகமானோர் ஏழாண்டும் மற்றையோர் பத்தாண்டும் இடையறாது இங்கு வதிந்தமையை நிரூபிக்கவேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஊருக்குப் போயிருந்தால் தொடர் அறுந்துவிடும். முதலிற் பகிஷ்கரித்த இலங்கை இந்தியன் காங்கிரசு, பின்னர் மனுக்கொடுக்கும்படி மக்களைத் தூண்டியது. 1951 ஆகஸ்டில் தவணை முடிந்தபோது ஏறத்தாழ 825,000 பேருக்காக மனுக்கள் குவிந்திருந்தன. பத்தாண்டுக்கு மேலாக நடந்த விசாரணைகளின் முடிவில் ஏறத்தாழ 134,000 பேரே ஏற்கப்பட்டனர்.

அதே வேளையில் கொழும்பில் இன்னொரு மேசை இருந்தது. இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்புரைப்படி, தானோ, தாய்தந்தையரில் ஒருவரோ, பாட்டன் பாட்டிமாரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்திய இந்தியாவிற் பிறந்தவராயின், வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியத் தூதரகத்திற் பிரஜையாகப் பதியலாம். ஆகவே ஒரே தொழிலாளி, ஒரு மேசையில் ‘நான் இங்கேயே இருந்தேன்’ என்பதற்கும், மறு மேசையில் ‘நான் அங்கிருந்து வந்தவன்’ என்பதற்கும் பத்திரந் தேட வேண்டியவனானான். ஒரு மேசைக்கு உதவும் கடதாசி மறு மேசையில் அவனுக்கெதிராகச் சாட்சிசொல்லும். பாட்டன் கழுத்திற் கட்டி வந்த தகரத்தில் ஊர்ப்பெயர் இல்லை. தோட்ட இலக்கமே இருந்தது. எந்த அடையாளம் அவனை உள்ளே கொணர்ந்ததோ, அது அவன் எங்கிருந்து வந்தான் என்பதைச் சொல்லாத அடையாளம். நான்சனின் பிரதிநிதியைப் போல, இரண்டு அரசுகளுக்கும் நடுவில் நின்று அவனுக்காக ஒப்பமிட ஒருவரும் இருக்கவில்லை.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 975,000 மனிதரை எண்ணிக்கையாகப் பிரித்தது: 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, 150,000 பிறகு பார்த்துக்கொள்வதற்கு. 1974 இல் அந்த மிச்சமும் சரிபாதியாக வெட்டப்பட்டது. தாயகந் திரும்புவோர் என்று பெயரிடப்பட்டவர்கள் தலைமன்னாரிற் கப்பலேறி, பலர் தாம் கண்டிராத தாயகத்தில், பாட்டன் புறப்பட்ட அதே மண்டபம் முகாமைச் சென்றடைந்தனர். 1984 இற் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் போகமுடியாத பல்லாயிரவர் லயங்களிலேயே தங்கினர்; அந்தக் கடவுச்சீட்டு, அவர்கள் இலங்கையர் அல்லர் என்பதற்கு மட்டுமே நல்ல அத்தாட்சியாயிருந்தது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வதிந்தோருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. நடமாடும் முகாம்கள் தோட்டங்களுக்குச் சென்றபோது, பத்து நாட்களுள் ஏறத்தாழ 190,000 பேர் பத்திரம் பெற்றனர். முன்னைய சட்டத்தின்கீழ் 134,000 பேருக்குப் பத்தாண்டுக்கு மேல் தேவைப்பட்டதை இதனருகில் வைத்துப் பார்க்கவேண்டும். பதிவேடுகள் இடையில் திருந்திவிடவில்லை. நம்ப வேண்டும் என்று அரசு தீர்மானித்தது, அவ்வளவே.

ஆனால் 1983க்குப் பின் கடல் கடந்து தமிழ்நாட்டின் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களிற் சேர்ந்தவருள் மலையகத்தாரும் இருந்தனர். அவர்களுக்கும் வழிசெய்ய 2009 இற் சட்டந் திருத்தப்பட்டது. முகாமிற் பிறந்த பிள்ளையின் இந்தியப் பிறப்புப் பதிவு இலங்கைக்குப் போதாது. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் அப்பிறப்பு மீண்டும் பதியப்பட வேண்டும். ஓராண்டுக்குள், அல்லது அமைச்சர் அனுமதிக்கும் மேலதிக காலத்துக்குள். மண்டபத்து முகாமில், கொட்டகைகளுக்கிடையே பிறந்து வளர்ந்து, இப்போது தாமே பெற்றோராகிவிட்டவர்களும் அம்மனுவை எழுதுகிறார்கள். அதனுடன் இணைக்கும்படி முதலிற் கேட்கப்படுவது, தாய்தந்தையரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம்.